வாட்டை விடுங்கள், ஆம்பியரைப் பாருங்கள்: எம்எஸ்ஐ மேக் ஏ750ஜிஎல் எஸ்எம்பிஎஸ்

எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிடுகிறேன். கம்ப்யூட்டரில் ஆர்டிஎக்ஸ் 5070 கிராபிக்ஸ் கார்டு போடப் போகிறீர்கள் என்றால் எம்எஸ்ஐ மேக் ஏ750ஜிஎல் பிசிஐஇ5 என்ற இந்த எஸ்எம்பிஎஸ்ஸை, அதாவது கம்ப்யூட்டருக்குள் கரண்ட் கொடுக்கும் பவர் சப்ளை டப்பாவை, தாராளமாக வாங்கலாம். அதே தரத்தில் வேறு நல்ல கம்பெனியின் 750 வாட் கோல்டு கிடைத்தால் அதையும் வாங்கலாம், குறையொன்றும் இல்லை. ஆனால் கடையில் "இதுவும் அதே வாட்டுதான் அண்ணே, விலை பாதி" என்று இன்னொரு டப்பாவை எடுத்து வைத்தால், அதன் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் லேபிளைப் படிக்காமல் காசை எடுக்காதீர்கள். நான் எழுதப் போவதில் பாதி அந்த லேபிளைப் பற்றித்தான்.

நான் பாலக்கோட்டில் மோட்டார் காயில் கட்டுகிறவன். சுற்றுவட்டாரத்துத் தக்காளித் தோட்டம், கரும்புத் தோட்டம் எல்லாவற்றிலிருந்தும் சப்மெர்சிபிளும் மோனோபிளாக்கும் என் பட்டறைக்கு வரும். பகல் முழுக்க ஆம்பியர், கேஜ், இன்சுலேஷன் என்று போய்விடும். ராத்திரி பட்டறையைச் சாத்திவிட்டு மாடியில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தால்தான் எனக்கு நாள் முடிந்த மாதிரி இருக்கும். அக்கா மகன் ஓசூரில் வேலைக்குச் சேர்ந்தான். லீவு நாளில் ராயக்கோட்டை வழி பஸ்ஸைப் பிடித்து இங்கே வந்துவிடுவான். அவன்தான் ஆரம்பித்தான். "மாமா, கார்டு என் செலவு. மத்ததெல்லாம் நீங்க பார்த்துக்குங்க." மத்ததெல்லாம் என்று அவன் சொன்னதில் முக்கியமானது இந்த எஸ்எம்பிஎஸ்.

பழைய கார்டு ஜிடிஎக்ஸ் 1650. அதற்கு 75 வாட் போதும். மதர்போர்டு ஸ்லாட்டே அந்த 75 வாட்டைக் கொடுத்துவிடும், தனியாக ஒரு வயர்கூட வேண்டாம். 5070 கதை வேறு. 2025 ஜனவரியில் என்விடியா அறிவித்த கார்டு, இந்தியாவில் ஆரம்ப விலை 59,000 ரூபாய். 250 வாட் இழுக்கும். கம்பெனி 650 வாட் சப்ளை வையுங்கள் என்கிறது. அப்படியென்றால் 650 என்று போட்ட எந்த டப்பாவும் சரிதானே என்று கேட்டால், அங்கேதான் லேபிளைப் படிக்கவேண்டும்.

என் பழைய எஸ்எம்பிஎஸ்ஸைக் கழற்றி மேஜையில் வைத்து மாப்பிள்ளைக்குக் காட்டினேன். முன்பக்கம் பெரிய எழுத்தில் 500. பக்கவாட்டு லேபிளில் சின்ன எழுத்தில் ஒரு கட்டம் இருக்கும். 3.3 வோல்ட், 5 வோல்ட், 12 வோல்ட் என்று வரிசையாகப் போட்டு, ஒவ்வொன்றுக்கும் கீழே எத்தனை ஆம்பியர் என்று இருக்கும். இதில் 12 வோல்ட்டுக்குக் கீழே 18 ஆம்பியர். பெருக்கினால் 216 வாட். 5 வோல்ட்டில் 20 ஆம்பியர், அது 100 வாட். 3.3 வோல்ட்டில் 18 ஆம்பியர், கிட்டத்தட்ட 59 வாட். சில்லறை லைன்களையும் சேர்த்தால்கூட 390 வாட்டைத் தொடவில்லை. பெட்டியின் மேலே இருக்கும் 500 எங்கிருந்து வந்தது என்று லேபிளைப் பார்த்தால் தெரியாது.

அந்த 390-லும் நமக்கு உதவுவது 216 மட்டும்தான். இன்றைய கம்ப்யூட்டரில் கிராபிக்ஸ் கார்டும் ப்ராசஸரும் கிட்டத்தட்ட முழுக்க 12 வோல்ட்டில்தான் ஓடுகின்றன. 3.3-உம் 5-உம் எஸ்எஸ்டி, யுஎஸ்பி மாதிரி சின்ன வேலைக்கு. அந்த லைனில் மிச்சமிருக்கிறதே, இந்தப் பக்கம் கொஞ்சம் திருப்பி விடலாம் என்றெல்லாம் முடியாது. 5070 ஒன்றே 250 வாட். மொத்த 12 வோல்ட் லைனே 216. "மாமா, அப்ப இது கார்டுக்கே பத்தாதா?" என்றான். பத்தாது. 1650 கார்டுக்கு இத்தனை வருடம் ஒழுங்காக உழைத்த டப்பாதான், அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. அதன் சக்தி அவ்வளவுதான்.

இப்போது ஏ750ஜிஎல்லின் லேபிளைப் பாருங்கள். 12 வோல்ட் ஒரே லைன், 62.5 ஆம்பியர். பெருக்கினால் சுளையாக 750. பெட்டியில் போட்ட வாட் முழுவதையும் 12 வோல்ட்டிலேயே கொடுக்க முடியும் என்று அர்த்தம். நல்ல எஸ்எம்பிஎஸ்ஸை அடையாளம் காண இதைவிடச் சுலபமான வழி எனக்குத் தெரியாது. 12 வோல்ட் ஆம்பியரை 12-ஆல் பெருக்குங்கள். வருகிற எண் பெட்டியில் உள்ள எண்ணை ஒட்டி இருந்தால் மேலே பேசலாம். பாதிதான் வருகிறது என்றால் டப்பாவைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

கணக்கு போடுவதும் கஷ்டமில்லை. கார்டு 250. எங்கள் ப்ராசஸர் ரைஸன் 5 7600, பெயருக்கு 65 வாட் என்றாலும் அதிகபட்சம் 88 வரை இழுக்க அனுமதி உண்டு. மதர்போர்டு, ரேம், ஃபேன், எஸ்எஸ்டி எல்லாவற்றுக்கும் தாராளமாக 60 வைத்தால், மொத்தம் 400 வாட்டுக்குள் அடங்கிவிடும். 750-இல் இது பாதியை ஒட்டி வருகிறது. எஸ்எம்பிஎஸ் குளிர்ச்சியாக, சத்தமில்லாமல், நல்ல திறனோடு ஓடும் இடம் இதுதான். 650 வாங்கினாலும் ஓடும். நான் 750 எடுத்ததற்குக் காரணம், நாளைக்கு மாப்பிள்ளை 5070 டிஐக்கு மாற வேண்டும் என்பான். அது 300 வாட், அதற்கு என்விடியா சொல்வதே 750. எஸ்எம்பிஎஸ்ஸை இரண்டு தடவை வாங்கக்கூடாது. அதே சமயம் பயந்துபோய் 1000 வாட்டுக்குத் தாவவும் வேண்டாம். 1000 கேட்கிற கார்டு 575 வாட் இழுக்கும் 5090. அந்தக் கார்டு வாங்குகிறவர் என்னிடம் யோசனை கேட்க மாட்டார்.

400 போதும் என்றால் ஏன் 450 வாட் நல்ல சப்ளை போதாது? இங்கே என் தொழில் அறிவு கைகொடுத்தது. ஐந்து எச்பி மோட்டாரை நேரடி ஸ்டார்ட்டரில் போட்டால் ஓடும்போது இழுக்கும் கரண்டைப்போல ஆறு மடங்கு வரை ஸ்டார்ட்டிங்கில் இழுக்கும். அதைத் தாங்காத ஃபியூஸ் போட்டால் மோட்டார் கிளம்புவதற்குள் போய்விடும். கிராபிக்ஸ் கார்டும் இப்படித்தான், ஆனால் ஒரு தடவை இல்லை, விளையாடிக்கொண்டிருக்கும் நேரம் முழுக்க. திரையில் பெரிய வெடிப்பு வரும்போது கார்டு மைக்ரோசெகண்டு கணக்கில் தன் அளவைத் தாண்டி ஒரு இழு இழுக்கும். 2020-இல் வந்த ஆர்டிஎக்ஸ் 30 வரிசைக் கார்டுகளில் இது பெரிய தலைவலியாக இருந்தது. கூட்டிப் பார்த்தால் வாட் போதும், ஆனால் விளையாட்டு நடுவில் கம்ப்யூட்டர் பட்டென்று அணைந்துவிடும். எஸ்எம்பிஎஸ்ஸின் பாதுகாப்புச் சுற்று அந்த இழுப்பை ஷார்ட் என்று நினைத்துக் கட் பண்ணிவிடும்.

அதற்காகத்தான் 2022-இல் ஏடிஎக்ஸ் 3.0 என்ற விதி வந்தது. கார்டுக்குக் கரண்ட் கொண்டுபோகும் புது 16 பின் கனெக்டர் கொண்ட பெரிய சப்ளைகள் தங்கள் வாட்டைப்போல இரண்டு மடங்கை 100 மைக்ரோசெகண்டு தாங்கவேண்டும் என்று அது சொல்கிறது. 750 வாட் சப்ளை அந்தக் கண் இமைக்கும் நேரத்திலும் சின்ன நேரத்துக்கு 1500 வாட் வரை விழாமல் நிற்கவேண்டும். ஏ750ஜிஎல் இந்த ஏடிஎக்ஸ் 3.0 விதிப்படி வந்தது. இதற்குப் பின் 3.1 வந்திருக்கிறது, இரண்டில் எது இருந்தாலும் சரி. பெட்டியில் இந்த இரண்டும் இல்லாமல் வெறும் ஏடிஎக்ஸ் 2 என்று போட்ட பழைய சரக்கு தள்ளுபடியில் கிடைத்தால், புது கார்டுக்கு அது வேண்டாம். ஆர்டிஎக்ஸ் 5060 மாதிரி 145 வாட் கார்டுக்கு என்றால் அது பரவாயில்லை.

அப்புறம் அந்த 16 பின் கனெக்டர். கனெக்டர் உருகிய படங்களைப் பார்த்துவிட்டு மாப்பிள்ளை மிரண்டு போயிருந்தான். 2022 அக்டோபரில் ஆர்டிஎக்ஸ் 4090 கார்டு வந்தபோது கிளம்பிய பிரச்சினை அது. நான் கணக்கு போட்டுக் காட்டினேன். பழைய 8 பின் கனெக்டர் 150 வாட்டுக்கு. 12 வோல்ட்டில் அது 12.5 ஆம்பியர், 12 வோல்ட் போகும் மூன்று பின்னில் பிரிந்து போகிறது, பின்னுக்கு 4 ஆம்பியர் சொச்சம். புது கனெக்டர் 600 வாட்டுக்கு. 50 ஆம்பியர், 12 வோல்ட் போகும் ஆறு பின்னில், பின்னுக்கு 8.3. அந்தப் பின்னின் தாங்கும் அளவோ 9.5தான். மிச்ச இடம் ரொம்பக் குறைவு. ஒரு பின் லேசாக விலகி நின்றாலும் மற்ற பின்கள் அளவுக்கு மேல் சுமக்கவேண்டி வரும். லூஸ் காண்டாக்டில் சூடு ஏறி டெர்மினல் கருகுவதை நான் பட்டறையில் பார்க்காத வாரம் இல்லை. அதே இயற்பியல்தான்.

ஆனால் 5070 இழுப்பது 250. பின்னுக்கு மூன்றரை ஆம்பியர். பழைய கனெக்டரைவிடவும் குறைவு. அதனால் இந்தக் கார்டில் பயப்பட வேண்டாம், ஒழுங்காகச் சொருகினால் போதும். 50 வரிசைக் கார்டுகளில் சாக்கெட்டையும் மாற்றிவிட்டார்கள். 12வி-2x6 என்று பெயர். கரண்ட் போகும் பின்கள் கொஞ்சம் நீளம், சரியாகச் சேர்ந்ததா என்று பார்க்கும் சின்னப் பின்கள் கொஞ்சம் குட்டை. அரைகுறையாகச் சொருகினால் கார்டு முழு சக்தியை இழுக்காது. மாற்றம் சாக்கெட்டில்தான், கேபிளில் இல்லை, அதனால் 3.0 காலத்துக் கேபிளும் இதில் அப்படியே சேரும்.

எனக்கு ஏ750ஜிஎல்லில் மனதுக்குப் பிடித்தது அதன் 16 பின் கேபிள். கனெக்டரின் முனை மஞ்சள் நிறம், பின்பகுதி கறுப்பு. சொருகும்போது மஞ்சள் முழுக்க உள்ளே போய் மறைய வேண்டும். துளி மஞ்சள் தெரிந்தாலும் இன்னும் உட்காரவில்லை என்று அர்த்தம். கேபினட்டைப் படுக்கவைத்து, ஒரு கையால் கார்டின் பின்பக்கத்தைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு, மறு கைக் கட்டைவிரலால் நேராக அழுத்தினேன். முதலில் சுலபமாகப் போகும், அப்புறம் ஒரு இடத்தில் இறுகி நிற்கும். பெரும்பாலும் அங்கேயே விட்டுவிடத் தோன்றும். செல்போன் டார்ச்சை அடித்துப் பார்த்தால் கீழ்ப்பக்கம் நூல் அளவுக்கு மஞ்சள் தெரிந்தது. மறுபடி அழுத்தினேன், டிக் என்று கொக்கி விழுந்தது, மஞ்சள் காணோம். இந்த ஒரு நிறத்துக்காகவே இதைச் சிபாரிசு செய்வேன். கரண்ட் வேலை செய்கிறவனுக்கு, கண்ணால் பார்த்து உறுதி செய்ய முடிகிற இணைப்பு என்றால் அது பெரிய விஷயம்.

சொருகிய இடத்திலிருந்து மூன்றரை சென்டிமீட்டர் வரைக்கும் கேபிளை வளைக்காமல் நேராக விடுங்கள். 16 பின் கேபிள் எந்தக் கம்பெனியுடையதும் விறைப்பாகத்தான் இருக்கும். கேபினட் குறுகலாக இருந்தால் பக்கவாட்டுக் கண்ணாடி கேபிளை அமுக்கும். வாங்கும் முன்னாலேயே கார்டுக்கும் கண்ணாடிக்கும் நடுவில் எவ்வளவு இடம் என்று ஸ்கேலை வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். கார்டோடு ஒரு அடாப்டர் வரும், இரண்டு 8 பின்னை ஒரு 16 பின்னாக்கும். சப்ளையிலேயே நேரடி கேபிள் இருக்கும்போது அதைப் பெட்டியிலேயே வைத்துவிடலாம். இடையில் ஒரு இணைப்பு குறைந்தால் சூடாகும் இடம் ஒன்று குறைந்தது.

இது முழு மாடுலர். வேண்டிய கேபிளை மட்டும் மாட்டிக்கொள்ளலாம். இங்கே ஒன்றை அழுத்திச் சொல்லவேண்டும். வேறு எஸ்எம்பிஎஸ்ஸின் மாடுலர் கேபிளை, சரியாகப் பொருந்துகிறதே என்று இதில் மாட்டாதீர்கள். கம்ப்யூட்டர் பக்கத்து முனை எல்லாருக்கும் ஒன்றுதான். எஸ்எம்பிஎஸ் பக்கத்து முனையில் எந்தப் பின்னில் எந்த வோல்ட் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும், சில சமயம் ஒரே கம்பெனியின் மாடலுக்கு மாடலே மாறும். 5 வோல்ட் போகவேண்டிய இடத்தில் 12 வோல்ட் போனால் ஹார்டு டிஸ்க் அந்த நிமிடமே போய்விடும். பழைய கேபிள்களை எல்லாம் தனியாகக் கட்டிப் பழைய டப்பாவுக்குள்ளேயே போட்டு வைத்துவிட்டேன்.

நீளம் 140 மில்லிமீட்டர்தான், அதனால் சின்ன கேபினட்டிலும் கேபிளைச் சுருட்டி வைக்க இடம் கிடைக்கிறது. எங்கள் பக்கம் செம்மண் தூசி அதிகம். எஸ்எம்பிஎஸ் ஃபேன் கீழே பார்த்து இருக்கிற கேபினட் என்றால் அடியில் வலை இருக்கிறதா என்று பாருங்கள், கேபினட்டைத் தரையில் வைக்காமல் மேஜை மேல் வையுங்கள்.

இப்போது கரண்ட். சாயங்காலம் மோட்டார்கள் எல்லாம் ஓடும் நேரத்தில் எங்கள் வீட்டில் மீட்டர் 180, 185 என்று காட்டும். இதற்கு ஸ்டெபிலைசர் வைக்கணுமா என்று கடையில் நிறைய பேர் கேட்பதைக் கேட்டிருக்கிறேன். வேண்டாம். ஏ750ஜிஎல் மாதிரி சப்ளைகள் 100 வோல்ட்டிலிருந்து 240 வரை எதிலும் ஓடும். வோல்ட் குறைந்தால் ஆம்பியரைக் கொஞ்சம் கூட்டி இழுத்துச் சமாளித்துக்கொள்ளும். இதையும் லேபிளில் பாருங்கள். 100-240 என்று இருந்தால் நிம்மதி. 200-240 என்று இருந்தாலோ, பின்னால் 115, 230 என்று தள்ளுகிற சின்ன சிவப்பு சுவிட்ச் இருந்தாலோ, நம் ஊர் சாயங்கால வோல்ட்டுக்கு அது தோது இல்லை. அந்தச் சிவப்பு சுவிட்சைத் தவறுதலாக 115-க்குத் தள்ளிவிட்டால் என்ன ஆகும் என்று நான் சொல்லவேண்டியதில்லை.

கரண்ட் போனால் என்ன ஆகும் என்பது தனிக் கணக்கு. 50 ஹெர்ட்ஸில் ஒரு சுற்று 20 மில்லிசெகண்டு. நல்ல எஸ்எம்பிஎஸ், கரண்ட் அறுந்த பிறகும் ஏறத்தாழ ஒரு சுற்று நேரம் தன் கெப்பாசிட்டரில் உள்ளதை வைத்துத் தாக்குப்பிடிக்கும். அந்த நேரத்துக்குள் இன்வெர்ட்டரோ யுபிஎஸ்ஸோ கைமாற்றிக்கொள்ள வேண்டும். வீட்டு இன்வெர்ட்டரில் பின்னால் ஒரு சுவிட்ச் இருக்கும், அதை யுபிஎஸ் பக்கம் வைத்தால்தான் சீக்கிரம் மாறும், சாதாரணப் பக்கம் வைத்தால் கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகிவிடும். இன்னொன்று, இந்த வகை எஸ்எம்பிஎஸ்ஸில் பவர் ஃபேக்டரைச் சரிசெய்யும் சுற்று உண்டு. அதற்குச் சுத்தமான சைன் அலை பிடிக்கும். சதுர அலை கொடுக்கும் மலிவான இன்வெர்ட்டரில் சில நேரம் கரண்ட் மாறும் அந்த நொடியிலேயே அணைந்துவிடும். தனி யுபிஎஸ் வாங்குவதாக இருந்தால் விஏ என்ற எண்ணைப் பார்த்து ஏமாறாதீர்கள். கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் 600 விஏ யுபிஎஸ்ஸில் வாட் 360தான் இருக்கும். 1100 விஏ என்றால் 660 வாட். 5070 உள்ள மெஷினுக்கு இரண்டாவதுதான் சரி.

எர்த் இல்லாத ப்ளக் பாயின்ட்டில் இதைப் போடவே போடாதீர்கள். கேபினட்டைத் தொட்டால் சுர்ரென்று இழுக்கும். பழைய வீடுகளில் மூன்று ஓட்டை இருக்கும், எர்த் வயர் மட்டும் எங்கேயும் போகாது. 6 ஆம்பியர் சின்ன ப்ளக் பாயின்ட் போதுமா என்றால் போதும். 750 வாட் முழுக்க இழுத்தாலும் 230 வோல்ட்டில் நாலு ஆம்பியருக்குள்தான். சில பெரிய சப்ளைகளோடு 16 ஆம்பியர் தடித்த பின் ப்ளக் வரும், அது சின்ன பாயின்ட்டில் நுழையாது. பெட்டியைக் கடையிலேயே திறந்து ப்ளக்கைப் பார்த்துவிடுங்கள்.

80 ப்ளஸ் கோல்டு என்ற முத்திரையைப் பற்றி ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள். சுவரிலிருந்து இழுக்கும் வாட்டில் எத்தனை சதவீதம் வீணாகாமல் கம்ப்யூட்டருக்குப் போகிறது என்று காட்டும் முத்திரை அது. கரண்ட் பில் மிச்சமாகும் என்று சொல்லி விற்பார்கள், அதை நம்பி வாங்கவேண்டாம். 80 ப்ளஸின் 115 வோல்ட் சோதனையில் பாதி சுமையில் ப்ரான்ஸ் 85 சதவீதம், கோல்டு 90 சதவீதம். நம் மெஷின் 350 வாட் கேட்டால் ப்ரான்ஸ் சுவரிலிருந்து 412 வாட் இழுக்கும், கோல்டு 389. வித்தியாசம் 23 வாட். தினம் நாலு மணி நேரம் விளையாடினாலும் வருடத்துக்கு 34 யூனிட்தான் மிச்சம். அதை வைத்து விலை வித்தியாசத்தை எடுக்கப் பல வருடம் ஆகும். எனக்கு அந்த 23 வாட் வேறு விதத்தில் முக்கியம். அது எஸ்எம்பிஎஸ்ஸுக்குள்ளேயே சூடாக மாறும் வாட். 80 ப்ளஸ் சோதனை நடப்பது 23 டிகிரி சுற்றுவெப்பத்தில். தர்மபுரியில் சித்திரை மாதம் மாடி அறையில் 23 டிகிரி எங்கே இருக்கிறது? உள்ளே சூடு குறைந்தால் கெப்பாசிட்டர் நீண்ட நாள் உழைக்கும், ஃபேன் கத்தாது. கோல்டுக்கு நான் காசு கொடுத்தது அதற்காக. பிளாட்டினம் வரைக்கும் போவதில் எங்களை மாதிரி ஆட்களுக்கு லாபம் இல்லை.

மாட்டி முடித்ததும் என் கிளாம்ப் மீட்டரைக் கொண்டுவந்தேன். எக்ஸ்டென்ஷன் வயரின் மேல்தோலைக் கவனமாகப் பிரித்து, ஃபேஸ் வயரை மட்டும் கிளாம்புக்குள் விட்டேன். மொத்த வயரையும் சேர்த்துப் பிடித்தால் போகிற கரண்டும் வருகிற கரண்டும் கழிந்து பூஜ்யம் காட்டும். பழக்கம் இல்லாதவர்கள் வயரில் கை வைக்கவேண்டாம், ப்ளக்கில் சொருகுகிற வாட் மீட்டர் தனியாகவே கிடைக்கிறது. மாப்பிள்ளை கனமான கேம் ஒன்றை எல்லா செட்டிங்கையும் ஏற்றி ஓட்டினான். மீட்டர் 1.7 ஆம்பியரைச் சுற்றியே நின்றது. சுவரில் 222 வோல்ட். கிட்டத்தட்ட 375 வாட். நான் காகிதத்தில் போட்ட கணக்கோடு ஒத்துப்போனது.

அடுத்து, மிச்சமாகத் தொங்கிய ஒரு கனெக்டரில் மல்டிமீட்டரை வைத்து 12 வோல்ட் லைனைப் பார்த்தேன். சும்மா இருக்கும்போது 12.08. கேம் ஓடும்போது 12.02. ஏடிஎக்ஸில் நெடுங்காலமாக இருக்கும் எல்லை 5 சதவீதம், அதாவது 11.4 முதல் 12.6 வரை. இது அதன் நடு மையத்தில் அசையாமல் நிற்கிறது. மீட்டர் முள்ளைப் பிடித்தபடி அந்த எண்ணைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன். "மாமா, கேமைப் பாருங்க" என்று அவன் சத்தம் போட்டான். எனக்கு அந்த 12.02 போதும்.

சத்தம் என்றால், கார்டு ஃபேன் சத்தம்தான் கேட்கிறது. எஸ்எம்பிஎஸ் ஃபேன் ஓடுவது பக்கத்தில் காதை வைத்தால்தான் தெரிகிறது. பின்னால் வரும் காற்று மிதமான சூடு, அவ்வளவே.

வேறு கார்டு வைத்திருப்பவர்களுக்கு இரண்டு வார்த்தை. ஏஎம்டி ஆர்எக்ஸ் 9070 எக்ஸ்டி வாங்கினால் அது 304 வாட், அதற்கும் 750 சரியாக இருக்கும். அதில் பெரும்பாலான மாடல்களுக்கு 8 பின் கனெக்டர்கள்தான். ஒரே கேபிளில் இரண்டு தலை தொங்கும், அந்த இரண்டையும் கார்டில் சொருகிவிடாதீர்கள். ஒவ்வொரு 8 பின்னுக்கும் எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து தனித்தனி கேபிள் இழுங்கள். 5080 என்றால் 360 வாட், 850-க்குப் போங்கள். 5060 டிஐ போதும் என்று இருப்பவர்கள் 180 வாட் கார்டுக்கு 750 வாங்கவேண்டிய அவசியமில்லை. நல்ல 600 அல்லது 650 ப்ரான்ஸ் எடுத்துக்கொண்டு மிச்சக் காசை எஸ்எஸ்டியில் போடுங்கள்.

எங்கே வாங்குவது? பெங்களூரு எஸ்.பி. ரோட்டுக்குப் போனால் ரகம் ரகமாகக் கிடைக்கும், பேரம் பேசலாம். தர்மபுரியிலிருந்து 130 கிலோமீட்டர் சொச்சம், காலையில் கிளம்பினால் ராத்திரிக்குள் திரும்பிவிடலாம். ஆன்லைனில் சில நூறு ரூபாய் குறையும். நான் தர்மபுரியில் நாலு ரோடு பக்கம் ஒரு கடையில் சொல்லி வரவழைத்தேன். ஒன்பதாயிரத்தை ஒட்டி ஆனது. கடைத் தம்பி பெட்டியை என் முன்னாலேயே உடைத்து, டெஸ்ட்டரில் போட்டு ஓட்டிக் காட்டினார். "எதாவதுன்னா நேரா இங்க கொண்டாங்கண்ணே, கூரியர் எல்லாம் நான் பார்த்துக்கறேன்" என்றார். எஸ்எம்பிஎஸ் பல வருடம் வாரண்டியோடு வரும் பொருள். கோல்டு வகையில் 7 வருடம், 10 வருடம் தரும் கம்பெனிகள் எல்லாம் உண்டு. அத்தனை வருடம் கழித்துப் போய் நிற்க ஒரு கதவு தெரிந்த ஊரில் இருப்பதற்குச் சில நூறு ரூபாய் அதிகம் கொடுத்ததில் எனக்கு வருத்தமே இல்லை.

ஜிஎஸ்டி பில்லில் சீரியல் நம்பரை எழுதச் சொல்லி வாங்குங்கள், அதைப் போட்டோ எடுத்து வையுங்கள், மை மங்கிவிடும். கேபினட்டில் மாட்டும் முன்பே எஸ்எம்பிஎஸ் மேல் இருக்கும் சீரியல் ஸ்டிக்கரையும் படம் பிடித்துவிடுங்கள். இப்போது வரும் கேபினட்டில் அடிப்பக்கம் தகடு போட்டு எஸ்எம்பிஎஸ்ஸை மூடிவிடுகிறார்கள். வாரண்டிக்கு நம்பர் கேட்கும்போது அதைப் படிக்க முழு மெஷினையும் பிரிக்கவேண்டி வரும்.